கன்னத்துக் கரி

புத்தூர் வெல்டிங் பட்டறையில் இன்று கேஸைப் பற்றவைத்ததும் புகையோடு கரித்துகள்கள் பறந்தன. அதே கார்பைடு வாசனை.

ஐம்பதுகளில், ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில், காலேஜில் கெமிஸ்ட்ரி படித்த அக்கா அப்பாவின் சைக்கிள் விளக்குக் கார்பைடைத் திருடித் தண்ணீர் விடுவாள். எழும் வாயுவைக் கொளுத்தி, மேலே பித்தளைத் தட்டைப் பிடிப்பாள்.

"அசெட்டிலீன்ல கார்பன் ஜாஸ்திடா. காத்து பத்தலைன்னா முழுசா எரியாது."

தட்டில் படிந்த கரியைத் தொட்டு என் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பாள்.

கடைசிப் பரீட்சைக்கு முன்பே கல்யாணம் நிச்சயமாயிற்று. "ப்ராக்டிகல் மட்டும் முடிச்சுடறேம்ப்பா" என்றாள். பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த அப்பா நிமிரவேயில்லை.

வெல்டர் ஆக்சிஜனைத் திறந்தார். புகை அடங்கிச் சுடர் நீலமாயிற்று.

"கன்னத்துல கரிங்க சார், தொடைச்சுக்குங்க."

"இருக்கட்டுங்க" என்றேன்.