புஷ்பராணி கண் மூடுவதில்லை

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் புஷ்பராணி அடுப்பைக் குறைத்துவிட்டு, வலக்கையின் இரண்டு விரல்களைக் கழுத்தோரம் வைத்துக்கொள்வாள். பார்வை குசினிச் சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளில் இருக்கும். உதடு சத்தமில்லாமல் அசையும். எண்பத்துநான்கு. ஒரு நிமிடம் விட்டு மறுபடி. எண்பத்தெட்டு. இரண்டாவது எண்ணிக்கை கூடிவிட்டால் உள்ளங்கை வியர்த்துவிடும். கதிரையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறையும் எண்ணுவாள்.

"என்ன, திரும்பவும் தொடங்கியிட்டியோ?" என்று ஹோலுக்குள் இருந்து கணவர் பாலேந்திரா கேட்பார்.

"ஒண்டுமில்லை. நீங்கள் நியூஸைப் பாருங்கோ."

வயது அறுபத்தொன்பது. டென்மார்க்கில், விபோர்க் நகரத்து முதியோர் இல்லமொன்றில் இருபத்தாறு வருடம் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே பின்னேர வேலை மூன்று மணிக்குத் தொடங்கும். அந்த நாட்களில் அவளுக்குப் பயப்பட நேரமே இருந்ததில்லை. ஓய்வு பெற்ற ஆறாம் மாதத்தில், ஒரு நாள் பின்னேரம், பருப்பு தாளித்துக்கொண்டு நின்றவளுக்குக் காரணமில்லாமல் மூச்சு இறுகியது. அதிலிருந்து தினமும் அதே நேரத்துக்குப் பயம் வருகிறது.

பகலில் வீட்டுக் கதவைப் பூட்ட மாட்டாள். கள்ளர் வந்தாலும் பரவாயில்லை என்பாள். "அம்புலன்ஸ்காரர் வந்து கதவை உடைச்சுக்கொண்டு நிக்கேலுமோ? அந்த ரெண்டு நிமிசத்தில என்னவும் நடக்கும்." வீட்டில் சும்மா இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டைதான். உள்ளாடையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் எறிந்துவிடுவாள், யாரோ வந்து கழற்றிப் பார்க்கப்போகிறார்கள் என்பதுபோல. கட்டிலில் படுத்து இரண்டு வருடமாகிறது. சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். வாயுத் தொல்லை என்று கணவருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இதயத்தை மூன்று தடவை சோதித்தாகிவிட்டது. ஓல்போர்க்கில் மருத்துவமனையொன்றில் வேலை பார்க்கும் மகள் நிரோஜினி, முடிவுகளைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொலைபேசியில் டேனிஷில் சொன்னாள்: இதயத்தில் ஒரு குறையுமில்லை, இது வெறும் பயம்.

"பயத்துக்கு இப்பிடி நெஞ்சு அடிக்குமோ பிள்ளை? என்னத்துக்கெண்டு தெரியாமல் ஆராவது பயப்பிடுவினமோ?"

உண்மையில் என்னத்துக்கென்று அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

குடும்ப வைத்தியர் மாத்திரை எழுதவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கென்று நடக்கும் யோக சிகிச்சை வகுப்பொன்றுக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்து மணி. எட்டுப் பேர். நடத்துகிறவள் லீஸ்பெத், முன்பு உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக இருந்தவள், நெடிய உருவம், மெல்லிய குரல். பாலேந்திரா காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை தரிப்பிடத்திலேயே இருப்பார்.

கையைத் தூக்குவதும் முதுகைத் திருப்புவதும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. "இதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. நான் எத்தினை பேரைத் தூக்கிப் பிரட்டினனான்" என்று காரில் திரும்பும்போது சொன்னாள். மூச்சுப் பயிற்சியைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை.

லீஸ்பெத் மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்வாள். விட்டபின், அடுத்த மூச்சு தானாக வரும்வரை காத்திருக்கச் சொல்வாள். அந்தக் காத்திருப்பைத்தான் புஷ்பராணியால் தாங்க முடியவில்லை. இல்லத்தில் கடைசி நாளில் கிடப்பவர்களுக்கு மூச்சு அப்படித்தான் நிற்கும். பத்து விநாடி. இருபது விநாடி. கட்டிலோரம் கையைப் பிடித்தபடி இருப்பவள் அடுத்ததற்காகக் காத்திருப்பாள். வரும். மறுபடி நிற்கும். பிறகு ஒருமுறை வராது. வகுப்பில் மற்றவர்கள் காத்திருக்கையில் அவள் களவாக இரண்டு மூச்சு இழுத்துக்கொள்வாள். பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளைபோல ஓரக்கண்ணால் பக்கத்துப் பாயைப் பார்ப்பாள்.

மூன்றாம் வாரம் லீஸ்பெத் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னாள். கால் நேராக, கை உடம்போடு, கண் மூடி. புஷ்பராணி படுத்தாள். கண்ணை மூடவில்லை. "றோலி, றோலி" என்றாள் லீஸ்பெத். அமைதி, அமைதி. சாகக் கிடந்தவர்களின் காதருகே குனிந்து புஷ்பராணி சொல்லிவந்த அதே சொல், அதே குரல். அறை புழுக்கமாக இருந்தது. லீஸ்பெத் ஓசையில்லாமல் நடந்துபோய் யன்னலைத் திறந்துவிட்டாள்.

குளிர்காற்று நெற்றியில் பட்டதும் புஷ்பராணி எழுந்து ஓடினாள். சப்பாத்தில்லை, ஜக்கெற் இல்லை. நவம்பர் மழையில் காலுறையோடு தரிப்பிடத்தைக் கடந்து வந்து காருக்குள் ஏறினாள். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன.

"என்ன? என்ன செய்யுது ராணி? நெஞ்சோ?"

"யன்னலைத் திறந்திட்டாள்."

"திறந்தா?"

"செத்தாத்தான் திறக்கிறது." அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இல்லத்தில ஆரும் செத்தா முதல் யன்னலைத் திறந்துவிடுவம். உயிர் போக வழி விடுறதெண்டு அவையின்ர வழக்கம். பிறகு கழுவித் துடைச்சு, நல்ல உடுப்பு மாத்தி, காலை நேராக்கி, கையை வைச்சு, கண்ணை மூடிவிடுறது. நான்தான் செய்யிறனான். மற்றவை பயப்பிடுவினம் எண்டு என்னைத்தான் கூப்பிடுவினம். நூற்றிப் பதினொரு பேர். அதே மாதிரி என்னையும் படுக்கச் சொல்லுறாள்."

கிழடுகளுக்குச் சாப்பாடு தீத்துவது, மருந்து கொடுப்பது, தலை வாரிவிடுவது. இருபத்தாறு வருடமாக மனைவியின் வேலை அதுதான் என்று நம்பியிருந்தவர் பாலேந்திரா. வேலை முடிந்து அங்கேயே தலை முழுகி, ஈரக் கூந்தலோடு பனியில் அவள் பஸ்ஸுக்கு நின்றதை எத்தனையோ தடவை ஏசியிருக்கிறார்.

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா என்ர கையால சாப்பிட்டிருப்பியளோ?"

அவர் காரிலிருந்து இறங்கி உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் அவளுடைய சப்பாத்து, மறு கையில் ஜக்கெற். பின்னால் லீஸ்பெத்.

அன்று பின்னேரம் புஷ்பராணி சோறு போட்டு, கத்தரிக்காய்க் குழம்பு விட்டு, தட்டை அவர் முன்னால் வைத்தாள். வைத்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். பாலேந்திரா குழைத்தார். கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம் அவளுக்கு மூச்சு வரவில்லை. பிறகு அவர் முதல் பிடியை வாயில் வைத்தார், மென்றார், "உப்புக் கொஞ்சம் குறைவு" என்றார். அவள் குசினிக்குள் போய் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு, அழுது முடிந்தபின் வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்குமுன் லீஸ்பெத் அவளைத் தனியே இருத்தி எல்லாவற்றையும் கேட்டாள். பயப்படாதே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எழும்பி யன்னலைச் சாத்தினாள். புஷ்பராணிக்கு மட்டும் சில மாற்றங்கள் செய்தாள். படுக்க வேண்டாம், பக்கவாட்டில் சரிந்தால் போதும். கண் திறந்திருக்கலாம். மூச்சு விட்டுக் காத்திருக்க வேண்டாம். விடும்போது வாயை மூடிக்கொண்டு தேனீபோல முரல வேண்டும்.

"அது நல்லது" என்றாள் புஷ்பராணி மகளிடம். "சத்தம் கேட்டா மூச்சு இருக்கெண்டு தெரியுந்தானே. செத்தவை முரலமாட்டினம்." மகள் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. வெங்காயம் உரிக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் இப்போது அவளிடமிருந்து அந்த முரலல் வருகிறது.

பயம் போய்விடவில்லை. தைமாதத்தில் இரண்டு தடவை அம்புலன்ஸுக்கு அடித்திருக்கிறாள். ஒருநாள் வகுப்பின் நடுவில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடாமல் கால்மணி நேரம் இருந்தாள். ஆனால் கதிரையின் சாய்வு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்தது. பாலேந்திராவும் இப்போது காரில் காத்திருப்பதில்லை. "நானும் வாறன். எனக்கும் நாரிப்பிடிப்பு, குனிய ஏலாதுதானே" என்று மனைவிக்குப் பக்கத்துப் பாயில் இடம் பிடித்துவிட்டார். கண்ணை மூடச் சொன்ன மூன்றாம் நிமிடம் குறட்டை விடுகிறார். அந்தக் குறட்டையை அவள் காது கொடுத்துக் கேட்டபடி கிடக்கிறாள். இடையில் அது நின்றால் முழங்கையால் இடிக்கிறாள்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் சொல்லாமலே, அவள் சரிந்திருந்த நிலையிலிருந்து மல்லாந்து திரும்பினாள். காலை நீட்டினாள். கையை உடம்போடு வைத்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றதையும் மூடினாள். லீஸ்பெத் கம்பளிப் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் விலகிப்போனாள். போர்வை நீளம் போதவில்லை. நீலக் காலுறை போட்ட பாதங்கள் வெளியே தெரிந்தன. மற்ற எட்டுப் பேரும் அசையாமல் கிடந்த அந்தப் பத்து நிமிடமும் புஷ்பராணியின் வலதுகால் பெருவிரல் மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக, ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.