இலை விட்டது, வேர் விடவில்லை

மூங்கில் நாற்று வளர்க்கிறவன் இலையைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. அந்த வேலை பார்த்தவர்கள் இதைப் படித்ததுமே பெருமூச்சு விடுவீர்கள். ரப்பர் விலை விழுந்து, எஸ்டேட் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். மலாயாவில், கோலா சாவா பக்கம் எங்கள் தோட்டத்து ஆற்றங்கரை மழைக்கு மழை சரிந்தது. கரை நெடுக மூங்கில் நடச் சொன்னார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. நாற்று பிழைத்தால் எங்கள் பத்துப் பேருக்கும் வேலை; இல்லாவிட்டால் கப்பல்.

மாரியாயி போட்ட துளை

இரண்டு கணு விட்டு வெட்டிய துண்டுகளை மண்ணில் படுக்கவைத்து மூடினோம். முதல் பாத்தி முழுக்கக் காய்ந்துபோனது. என்னோடு வேலை செய்த மாரியாயிக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். அவள் ஒரு துண்டை எடுத்து, கணுக்களுக்கு நடுவே கத்திமுனையால் துளை போட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றிக் களிமண்ணால் அடைத்தாள். அடுத்த பாத்தி முழுக்க அப்படியே செய்தோம். மூன்றாம் வாரம் முளை குத்தியது.

எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"வயித்துல தண்ணி இல்லாம எந்தப் புள்ளண்ணே வளரும்?"

துரை பிடுங்கிய நாற்று

பாத்தி பச்சையானதும் துரை வந்தார். எதையாவது பிடுங்கிப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். மூங்கில் துண்டு தன்னிடம் இருக்கிற சத்தை வைத்தே இலை விட்டுவிடும். வேர் பிறகுதான் வரும். துரை குனிந்து ஒன்றை இழுத்தார். துண்டோடு கையில் வந்தது, ஒரு வேர்கூட இல்லை. அவர் முகம் சிவந்தது. கங்காணி இரண்டடி பின்வாங்கினார்.

தினமும் காலையில் பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் எஸ்டேட் குமாஸ்தா, அதுவரை என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாத கிராணி, முன்னால் வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை ஒரு மாதத் தவணை கொடுத்துவிட்டுப் போனார். நான் கை கூப்பினேன். கிராணி எரிந்து விழுந்தார்.

"போய்த் தண்ணி ஊத்துடா. நீங்கல்லாம் போயிட்டா காலையில நான் யார் பேரைக் கூப்பிடுறது?"

அக்கரைக்காரர்

தவணைக்குள் வேர் பிடித்தது; நாற்றைக் கரை நெடுக நட்டோம். ஒருவரும் கப்பலேறவில்லை; மாரியாயிக்குப் பெண் குழந்தை எங்கள் லயத்து வீட்டிலேயே பிறந்தது. இரண்டாம் மழைக்காலத்தில் எங்கள் கரை அசையாமல் நின்றது. நான் பூரித்துப்போயிருந்தபோது, அக்கரையில் வயல் வைத்திருந்த மலாய்க்காரர் பாக் சாலே இடுப்பளவு தண்ணீரில் கடந்து வந்தார். எங்களோடு பழகித் தமிழ் பேசக் கற்றவர். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"உன் கரை நல்லா நிக்குது, ஆறு இப்ப என் வயலுக்குள்ள வருதுலா! எனக்கும் மூங்கில் கன்னு கொடு!"

இத்தனைக்கும் பிறகு நாற்று வளர்த்தவன் என்ற பெயர் எனக்குத்தான் வந்தது. நான் செய்ததென்னவோ தண்ணீர் சுமந்ததும் பயந்ததும் மட்டும்தான்.