என் வீட்டுக்காரர் பிரசங்கம் செய்த ஞாயிறு

எங்கள் சர்ச் சபை ஏழு மாதம் ஐயர், அதாவது பாதிரியார், இல்லாமல் ஓடியது. பழைய ஐயருக்கு மாறுதல் வந்து, கட்டில், ஃபிரிட்ஜ், இரண்டு வாத்து எல்லாவற்றையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புது ஐயர் இந்த மாதம் வருவார், அடுத்த மாதம் வருவார் என்று பேராயர் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திருவிருந்து கொடுக்க மட்டும் மாதத்துக்கு ஒருமுறை பொன்னேரிப் பக்கமிருந்து ஒருவர் பைக்கில் வந்து போனார். மற்ற ஞாயிறுகளில் யார் பிரசங்கம் செய்வது என்பதில்தான் சண்டை.

பேச எல்லாருக்கும் ஆசை. பேச விஷயம்தான் யாரிடமும் இல்லை. முதல் மாதமே பிரசங்க பீடத்தின் படியில் இரண்டு பெரியவர்கள் தோளால் இடித்துக்கொண்டார்கள். கமிட்டி கூடியது. கமிட்டிச் செயலாளர் என் கொழுந்தனார், வீட்டுக்காரரின் தம்பி. எங்கள் ஊர் ஏரியில் இரண்டு படகு ஓட்டுகிறவர், வாயால் நாலு படகு ஓட்டுவார். ஏரியில் செய்கிற மாதிரியே கோயிலிலும் செய்துவிடலாம் என்று அவர்தான் வழி சொன்னார்.

ஏரியில் இறால் விழும் இடங்கள் கொஞ்சம், வலை கட்டுகிறவர்கள் நிறைய. அதனால் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். உன் நாளில் உன் இடத்தில் இன்னொருத்தன் வலை இறங்கக் கூடாது. காற்று கெட்டு ஒன்றும் விழாவிட்டால் அது உன் தலையெழுத்து. உன்னால் போக முடியாவிட்டால் வேறொருவருக்குப் பாதிக்குப் பாதி என்று விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அதை உன் வீட்டார் வாய் திறந்து சொல்ல வேண்டும். முறை முடிந்ததும் வலை கட்ட நட்ட கழியை உன் வீட்டுக் கையே பிடுங்க வேண்டும். இந்தச் சட்டத்தை ஒரு புள்ளி குறையாமல் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள்.

சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டையர் ஆனவள், முப்பது வருஷம் பதிவேடு எழுதித் தேய்ந்த கை. சபைக் குடும்பங்களின் பேர்ப் பட்டியலான ஜாபிதாவைப் பார்த்து ஒவ்வொரு குடும்பத் தலைவர் பேராக எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் என் வீட்டுக்காரர் பேர் வந்தது. அவர் போய் அப்போது ஒன்றரை வருஷம். ஏரி முறையிலிருந்து முப்பதாம் நாளே அவர் பேரை எடுத்துவிட்டார்கள். எடுத்தது இதே கொழுந்தனார்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, பொம்பளைக்கு ஏரியில் முறை கிடையாது. ரேஷன் கார்டிலும் எடுத்தாயிற்று. பழைய ஐயரின் சோம்பேறித்தனத்தால் அவர் பேர் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த ஜாபிதா. ஒரே ஒருமுறை அவர் பேரை ஊர் முன்னால் உயிரோடு இருக்கிறவர் பேர் போலக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. தெரிந்தேதான் எழுதி, மடித்து, குடத்தில் போட்டேன்.

இன்னும் வராத ஐயருக்கும் ஒரு சீட்டு போட்டோம். அவரும் ஒரு தலைக்கட்டுதானே.

குலுக்கலில் கொழுந்தனார் தன் அண்ணன் பேரைச் சத்தமாக வாசித்துவிட்டு, அடுத்த சீட்டை எடுக்காமல் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். குடத்தை விட்டு வெளியே வந்த சீட்டு திரும்ப உள்ளே போகக் கூடாது என்பதும் சட்டம். பட்டியலில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

முறைகள் தொடங்கின. முதல் முறைக்காரர், நோவாவின் பேழைக்கு எஞ்சின் மாட்டியிருந்தால் எவ்வளவு டீசல் குடித்திருக்கும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அதிலிருந்து முறைக்கு இருபது நிமிஷம்தான் என்று கமிட்டி வரம்பு வைத்தது. இன்னொருவர் தன் மச்சானுக்குப் பாதிக்குப் பாதி விட்டார். இவர் ஒன்று சொல்ல, மச்சான் அங்கேயே அதை மறுத்துப் பேசினார். ஒருவர் முறையில் கரண்ட் போய் மைக் செத்தது. வேறு நாள் கேட்டவரிடம், காத்து கெட்டா யாரு இன்னா பண்றது என்று கமிட்டி கையை விரித்துவிட்டது. அறிவிப்பு வாசிக்கப் போனவர் கூடவே ரெண்டு வார்த்தை புத்திமதி சொல்லிவிட, அடுத்தவன் முறையில் வலை விட்டதாக அவரைப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள்.

என் வீட்டுக்காரர் முறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது புது ஐயர் வந்து இறங்கினார். சின்ன வயசு, மெலிந்த உடம்பு, கையில் பேராயர் கடிதம். ஞாயிறு பிரசங்கத்துக்கு இரண்டு வாரமாகத் தயார் செய்திருப்பதாகச் சொன்னார். கொழுந்தனார் அவரைச் சுவரிடம் கூட்டிப்போய்ப் பட்டியலைக் காட்டினார்.

"அய்யரே, உங்க முறை வர இன்னும் பத்தொம்போது வாரம் கீது."

ஐயர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். இந்த ஞாயிறு யாருடையது என்று கேட்டார். சொன்னார்கள். அவரைப் பார்க்க முடியுமா என்றார். கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்.

இறந்தவர் பேரை அடித்துவிட்டு அந்த நாளை ஐயருக்கே கொடுத்துவிடலாம் என்றது பாதிக் கமிட்டி. வீட்டார் வாய் திறந்து சொல்லாமல் முறை கை மாறாது என்றது மீதிக் கமிட்டி. பேரை அடித்துவிட்டால் அதோடு எல்லா இடத்திலும் அவர் தீர்ந்தார். கொடுக்க மாட்டேன் என்று ஆளனுப்பிச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐயரே வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நாளைக்கு முறையை எனக்குத் தருவீங்களா?"

"பாதிக்குப் பாதின்னா தரேன்."

"பிரசங்கத்துல பாதி எப்படிம்மா பிரிக்கிறது?"

"இருவது நிமிசம். ஆரம்பிக்க சொல்லோ இது இன்னாரு முறைனு அவரு பேரைச் சொல்லிடணும். பத்து நிமிசம் நீங்க பேசுங்க. மீதி பத்து அவரோடது. அவரு வீட்லயே பேசமாட்டாரு, கோயில்லயா பேசப் போறாரு. அந்தப் பத்து நிமிசம் வேற யாரும் பேசக் கூடாது."

ஐயர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். சரி என்றார்.

மறுநாள் அங்கியோடு பீடத்தில் ஏறி, என் வீட்டுக்காரரின் முழுப் பேரையும், அவர் அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னார். பத்து நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. பிறகு, இனி அவருடைய பங்கு என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பீடம் காலியாக இருந்தது. ஃபேன் ஓடியது. யாரோ இருமினார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த பையன் குறட்டை விட்டான். ஒரு நாய் உள்ளே வந்து பீடத்தைப் பார்த்துவிட்டுப் போனது. நாலாம் நிமிஷத்தில் பேழைக்கு எஞ்சின் மாட்டியவர் தாங்க முடியாமல் ஜெபம் பண்ண எழுந்தார். கொழுந்தனார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணன் முறை. உக்காரு."

முப்பது வருஷம் அவரோடு சாப்பிட்ட சாப்பாடெல்லாம் இப்படித்தான் இருந்தது. சோறு, குழம்பு, ஒரு வார்த்தை கிடையாது. அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும், தட்டைக்கூட ஓங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அழுதேன். முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது, முடிந்துவிட்டது.

வெளியே வரும்போது கொழுந்தனார் என் பக்கம் வந்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி, அண்ணன் நல்லா பேசுச்சு," என்றார்.

ஐயர் ஜாபிதாவோடு வந்தார். பேர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லத்தான் வந்தாராம். நான் பேனாவை வாங்கினேன். முறை முடிந்தால் கழியை நம் கைதான் பிடுங்க வேண்டும். அவர் பேரை ஒரே கோடாக அடித்தேன். அந்த இடத்தில் இனி யார் பேர் என்று ஐயர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார் சொல்லிவிட்டார், அண்ணி பேருதான், வேற யாரு கீறாங்க என்று. ஏரியில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. என் பேரை நானே எழுதினேன்.

பட்டியல் இன்னும் சுவரில் இருக்கிறது. ஐயர் வாரா வாரம் முறைக்காரர் வீட்டுக்குப் போய், டீ குடித்து, பாதிக்குப் பாதி கேட்கிறார். அடுத்த குலுக்கலில் எனக்கும் ஒரு சீட்டு உண்டு. இருபது நிமிஷம் எனக்குப் போதாது என்று கமிட்டியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.