நாடக அருங்காட்சியகத்தில் பெயர் தெரியாத நடிகை

இன்று பாறசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, திருவனந்தபுரம் கோட்டைப் பக்கம் இருக்கும் நாடக அருங்காட்சியகத்துக்கு அப்பாவோடு போனேன். வெயிலில் இருவரும் வாடிவிட்டோம்.

உள்ளே ஒரு பழைய போட்டோ முன்னால் அப்பா நின்றுவிட்டார். சேலை கட்டிய கதாநாயகி. கீழே, 'நடிகை, பெயர் தெரியவில்லை.'

"மக்கா, இது நானாக்கும்."

இளவயதில் அவர் பெண்வேடம் போட்டவர். அங்கிருந்த பெண் பொறுப்பாளரிடம் சொன்னோம். அவர் அப்பாவின் நரைமீசையைப் பார்த்தார்.

"ஆதாரம் வேணும் சாரே. வேற போட்டோ உண்டா?"

"இருந்ததை எல்லாம் எனக்க அப்பன் அடுப்புல இட்டுட்டாரு."

திரும்பும் பஸ்ஸில் அப்பா தான் நாடகம் போட்ட ஊர்களை விரல்விட்டு எண்ணினார்.

நெய்யாற்றின்கரை, பூவார் பக்கத்து நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களில் நாடக போட்டோ இருந்தால் அனுப்புங்கள். அதில் மிக அழகான பெண் யாரோ, அவர்தான் என் அப்பா.