காற்றுச் சுரங்கத்தில் பிசிறு வெட்டிய மயிலாத்தாள்

பொங்கலூர் மயிலாத்தாள் விமானம் ஏறியதில்லை. ஆனாலும் விமானவியல் ஆராய்ச்சியைப் பதினைந்து வருடம் பின்னுக்குத் தள்ளியவர் அவரே என்று துறைத்தலைவர் முனைவர் திருமூர்த்தி இன்றும் சொல்லிவருகிறார். ஒரு தற்காலிக ஊழியருக்கு இது சாதாரணப் பெருமையல்ல.

பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் பார்த்தவர். நூல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிட வேண்டும், அதுதான் வேலை. அந்தக் கையோடு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம். இரண்டே நாள் பாக்கியிருந்த காலையில், நிபுணர் குழு வருகிறது, எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ராட்சத விசிறி பொருத்திய காற்றுச் சுரங்கத்துக்குள் ஒரு மாதிரி இறக்கை. அதன்மேல் இருநூறு நூல் துண்டுகள். காற்று போகும் திசையை அவை ஆடிக் காட்டும். இதை மயிலாத்தாளுக்கு யாரும் சொல்லவில்லை. இருநூறையும் ஒட்ட வெட்டி, பசையைச் சுரண்டி, துடைத்தும் வைத்தார்.

"அறிவிருக்குதா? என் ரிசர்ச்சையே மொட்டையடிச்சுட்டியே!" என்று கத்தினார் திருமூர்த்தி.

"பிசிறோட பீஸ் போனா பையர் ரிஜெக்ட் பண்ணீருவாங்க சார்."

"இது ஜட்டியில்ல, றெக்கை! அவங்க வர்றதுக்குள்ள ஒட்டு. இல்லீன்னா ஊட்டுக்குப் போயிரு."

மூன்று ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு நாள் செய்த வேலையை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். குழு வந்தது, விசிறி சுழன்றது. நூல்கள் அடக்கமாகப் படுத்தன. பின்வரிசை மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிப் பேயாட்டம் போட்டது. நூல் அப்படி ஆடினால் காற்று இறக்கையை விட்டு விலகுகிறது என்று அர்த்தம்; அந்த இடத்தில் விலகவே விலகாது என்பதுதான் திருமூர்த்தியின் பதினைந்து வருடக் கண்டுபிடிப்பு.

"இந்தம்மா ஒட்டுனது சரியில்லீங்க" என்றார் அவர்.

"சரியாத்தானுங்க ஒட்டியிருக்கறேன். பழைய பின்வரிசைக்கு ரெண்டு முனையிலயும் பசை இருந்துச்சுங்க. அப்பறம் எப்படி ஆடும்?"

குழுத்தலைவியான அம்மையார் தம் குறிப்பேட்டில் நீளமாக எழுதினார். மாலையில் மயிலாத்தாளுக்கு வேலைநீக்கக் கடிதம். காரணம்: ஆய்வுக்கருவிக்குச் சேதம்.

மூன்றாம் நாள் குழுவின் கடிதமும் வந்தது. சோதனையை எங்கள் கண்முன் மறுபடி நடத்துக. நூலை அதே அம்மாள் ஒட்டுக.

திருமூர்த்தி போனில் மரியாதையைக் கண்டுபிடித்தார். "ஏனுங்கம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"நிரந்தர ஆர்டரை வாட்ஸ்அப்புல போடுங்க சார். செக் பண்ணிப்போட்டு வர்றேன்."

ஆர்டர் வந்தது. அவரும் வந்தார். பின்வரிசை மறுபடி ஆடியது. நிரந்தர ஊழியரை அத்தனை சுலபமாக அனுப்ப முடியாதென்பதால், துறைத்தலைவர் இப்போது அவர் கண்ணில் படாமல் ஆய்வுக்கூடத்துக்குப் பின்கதவு வழியாக வருகிறார்.