கித்தா கேட்டால் கித்தான்

திருப்பூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், கூடத்தில் நிற்கும் பின்பால் மெஷினைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதன் தலைப்பகுதியில் கண்ணாடிக்குப் பின்னால் பல்புகள் எரிய, ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கழுத்துக்குக் கீழே அவளுக்கு என் மாமியார் வெள்ளைப் பனியன் துணியைப் போர்த்திவிட்டிருக்கிறார். எந்த ஊர் அம்மன் என்று யாருக்கும் தெரிவதில்லை, கேட்பதும் இல்லை. துணிக்கு அடியில் அவள் நீச்சலுடையில் இருக்கிறாள். பினாங்கில் இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்குப் பூங்காவில் காசு போட்டு, எஃகுக் குண்டைச் சாய்ந்த பலகையில் ஏற்றிவிட்டு, அது கீழே விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி ஆடுவோமே, அதே பெட்டிதான். இங்கே அதற்கு அர்ச்சனை ஒன்றுதான் பாக்கி.

பினாங்கில் பிறந்து வளர்ந்த என்னை, தாய்நாட்டுக்குத் திரும்புகிறாய் என்று சொல்லித்தான் கப்பலேற்றினார்கள். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி என்றார்கள். கம்பெனி என்றதும் நான் மேசையையும் மின்விசிறியையும் கற்பனை செய்துகொண்டேன். வந்து பார்த்தால் ஓட்டுக் கொட்டகை, அதற்குள் சில நிட்டிங் மெஷின்கள், எல்லார் தலையிலும் பஞ்சு. மெஷின் நின்றுபோனால் முதலில் பக்கவாட்டில் ஓர் அறை விடுவார்கள். எண்ணெய் விடுவது அதற்கு அப்புறம்தான்.

கல்யாணமான புதிதில், பூங்காவில் பின்பால் ஆடிய கதையைக் கணவரிடம் சொல்லியிருந்தேன். மனிதர் அதை மறக்கவே இல்லை. குன்னூரில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கிளப் ஒன்றில் தையல் மெஷின் ஏலம் என்று போனவர், இதை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். "உன்ற ஊரு சாமான் புள்ளே," என்றார், பினாங்கையே பெயர்த்துக்கொண்டு வந்தவர் மாதிரி. கடலும் மலையும் கடைத்தெருவுமாக நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஒரு மரப்பெட்டியாகத்தான் விழுந்திருக்கிறது.

மாமியார் சுற்றிவந்து பார்த்தார். "பேரென்ன அம்மிணி சொன்ன?"

"பின்பால், அத்தை."

"புள்ளைக்குப் பால் பத்துலீன்னா ஆட்டுப்பால் வாங்கிக் குடுக்கலாமே. இதுல கறந்துதான் குடுக்கோணுமா?"

அது கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிள்ளைப் பேச்சை எடுத்தாலே நான் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். எங்கள் மகள் இரண்டு வயது தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள்; சிரிப்பாள்; வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவாள். காதில் கோளாறில்லை, காத்திருங்கள் என்றார் டாக்டர். பொறுமையைப் பாடமாக வைத்திருந்தால் என் கான்வென்டில் நான் தேறியிருக்க மாட்டேன்.

மாலையில் கம்பெனி மூடியதும் இருவரும் பெட்டியைப் பிரிப்போம். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. ஒயர்களில் கட்டியிருந்த ஆங்கிலச் சீட்டுகளை நான் படித்துச் சொல்ல, அவர் உப்புத்தாளால் துரு தேய்த்துப் பற்றவைத்தார். அமெரிக்காவில் செய்து, அந்த ஊரின் குறைந்த மின்சாரத்துக்குப் பழகிய பெட்டி என்பதால் அதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. குழந்தைக்கு எட்டாமல் அதைப் பரண்மேல் வைக்கச் சொன்னேன். வைத்த பிறகு, அங்கிருந்து அவள் தலையில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன்.

குண்டு மோதித் தெறிப்பதற்காகப் பலகையில் உள்ள முளைகளைச் சுற்றியிருந்த வளையங்கள் தொட்டாலே உதிர்ந்தன. "கித்தா எல்லாம் மக்கிப்போச்சு. கித்தா மாத்தணும்," என்றேன். மறுநாள் அவர் ஒவ்வொரு முளைக்கும் அளவெடுத்து, தடித்த கித்தான் துணியை உறை மாதிரி தைத்து மாட்டி வைத்திருந்தார். தையல் அத்தனை நேர்த்தி. குண்டு போய் மோதியது, மெத்தையில் படுத்தது போல் அப்படியே கிடந்தது.

"நீதான கித்தான் கேட்ட?"

மலாயாவில் நாம் ரப்பரைக் கித்தா என்போம், அது மலாய்க்காரர் சொல் என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை.

"பெத்தவ ஒண்ணு சொல்றா, அப்பன் ஒண்ணைத் தைக்கறான். நடுவால புள்ளை எந்தப் பேச்சைப் புடிக்கும்? அதான் வாயைத் தொறக்காம முழிச்சுட்டு இருக்குது."

கூடமுழுக்கப் பனியன் பொதிகளை அடுக்கி, பேச்சொலியே எழும்பாமல் அமுக்கி வைத்துக்கொண்டு, குழந்தை பேசாததற்கு என் நாக்கு காரணமாம். சுடச்சுடப் பதில் தயாராக இருந்தது. ஆனால் உண்மையாக இருந்துவிட்டால்? மறுநாளிலிருந்து அவளிடம் பேசுவதைக் குறைத்தேன். எந்தச் சொல் என் ஊருடையது, எது இந்த ஊருடையது என்று பொறுக்கிப் பார்த்து, கடைசியில் ஒன்றும் சொல்லாமலே சோறூட்டினேன். பேசாத பிள்ளைக்கு ஏற்ற ஊமைத் தாய். படித்த பெண் கண்டுபிடித்த வைத்தியம் இதுதான்.

சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியதும் மெஷின் உயிர்பெற்றது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆட்கள் வந்து வரிசையாக ஆடினார்கள். பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் அறைந்தார்கள். குண்டு துடுப்புகளுக்கு நடுவே விழுந்ததும் ஒவ்வொருவரும் அடக்கமாக, "போச்சுங்க," என்றார்கள். தோற்பதிலும் ஒரு பணிவு. எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் போன பிறகு நான் நின்றேன். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. குண்டு விழவே இல்லை. மணிகள் விடாமல் அடித்தன. மாமியார்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். முக்காலிமேல் ஏறி நின்று கண்ணாடியில் மூக்கைப் பதித்திருந்த மகளைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அந்த நொடியில் குண்டு இறங்கிவிட்டது.

"போச்சுங்க," என்றாள், மெஷினைப் பார்த்து.

"எத்தனை மரியாதையாப் பேசுது பாரு என்ற சாமி," என்று மாமியார் அவளை அள்ளிக்கொண்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே, முதல் சொல் அம்மா இல்லையே, அதில் என்னுடையது என்று ஓர் எழுத்துகூட இல்லையே என்றும் நினைத்தேன். இவ்வளவு அற்பமாகவா ஒரு தாய் நினைப்பாள் என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன்.

மறுபடி சொல்லவைக்க எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். நன்றாக ஆடினால் அவள் வாய் திறப்பதில்லை. குண்டு விழ வேண்டும். எனவே இப்போது மாலைதோறும் குண்டை மேலே ஏற்றிவிட்டு, துடுப்புகளை இயக்கும் பொத்தான்களிலிருந்து விரல்களை எடுத்துவிடுகிறேன். பூங்காவில் என்னோடு ஆடிய உங்களில் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். தட்டினால் காப்பாற்றிவிடலாம் என்று கைகள் துடிக்கின்றன. தட்டாமல் நிற்கிறேன். குண்டு நேராக இறங்கி மறைகிறது.

"போச்சுங்க," என்கிறாள் மகள், இந்த முறை என்னை நிமிர்ந்து பார்த்து.

"ஆமாங்க," என்கிறேன்.