சூசை அண்ணையின் பூத்த மரம்

சூசை அண்ணை போய்விட்டார். இன்று காலை, ஸ்டுட்கார்ட் ஆஸ்பத்திரியில். அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்...

எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஹைம் என்று சொல்லும் அகதி முகாமில் கிடந்த பொடியன்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்த ஹைம் முன்பு ஒரு விருந்தினர் விடுதி. சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் பழத்தோட்டம்.

கிட்டப் போனால் வெள்ளையும் ரோசுமாக அப்பிவிட்ட பெயின்ட், வேறொன்றும் இல்லை. தள்ளி நின்றால்... மரங்கள், வெயில், காற்றுக்கூட! இம்ப்ரெஷனிஸ்ட் பாணி என்று என் மகள் பிற்பாடு சொன்னாள். எங்களுக்கு அது வெறும் பூமரப் படம்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் கதை கட்டிவிட்டான், ஜெர்மனிக்குப் போன பொடியன்களை எல்லாம் ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்று. என் அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டார். நான் எழுதிய எதையும் நம்பவில்லை. படத்தில் கண்டால்தான் நம்புவாராம்.

வெளியே ஒரே சாம்பல் நிறப் பனி. எங்கள் முகமும் அதே நிறம்.

சூசை அண்ணை மன்னாரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கமராவோடுதான் நாட்டை விட்டு வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உந்தப் பனிக்குள்ள நிண்டு எடுத்தால் கொம்மா குடிக்கிற தண்ணியையும் விட்டுடுவா. ஜாக்கெட்டைக் கழட்டிப்போட்டு இங்கால வா."

ஓவியத்துக்கு முன்னால் நிறுத்தினார். ஓவியத்தின் சட்டம் படத்தில் விழாமல், இடுப்புக்கு மேலே மட்டும். ஆள் தெளிவு, பின்னால் மரம் கொஞ்சம் கலங்கல். ஊர் ஸ்டூடியோக்களில் தாமரைக்குளம் பெயின்டால் கீறின சீலைக்கு முன்னால் நிற்போமே... அதே வேலைதான்.

"சிரி. நீ இப்ப தோட்டத்தில நிக்கிறாய்."

கழுவி வந்த படத்தைப் பார்த்து நானே நம்பிவிட்டேன். பிறகென்ன, ஹைமில் இருந்த அத்தனை பேரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையில்!

எல்லாருக்கும் அதே மரம். படங்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குத்தான் போகின்றன என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

கொஞ்ச நாளில் அம்மா பேசி அனுப்பிய கசெட் வந்தது. சாப்பாட்டு அறையில் எல்லாரும் கூடியிருந்து கேட்டோம்.

"தம்பி, கோயிலடியில ரதி அக்காவைக் கண்டனான். அவவின்ர மகனுக்குப் பின்னாலயும் உன்ர மரம்தான் நிக்குது. அதே கொப்பு. கீறின மரமெண்டு எனக்குத் தெரியாதோ? நானும் கலியாணத்துக்கு ஸ்டூடியோவில தாமரைக்குளத்தடியில நிண்டவள்தான்..."

சூசை அண்ணை தலை குனிந்துவிட்டார்.

"ஆனா எல்லாருக்கும் ஒரே மரமெண்டால், எல்லாரும் ஒண்டாத்தான் இருக்கிறியள். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம். நேற்று வடிவாச் சாப்பிட்டனான். படம் எடுத்த பிள்ளைக்குச் சொல்லு, நல்லா எடுத்திருக்கிறார்."

நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். அண்ணை கசெட்டைப் பின்னால் ஓட்டி, தன்னைப் பற்றிச் சொன்ன வரியை மட்டும் மறுபடி போட்டுக் கேட்டார்!

வசந்தம் வந்தபோது ஹைமுக்குப் பின்னால் உண்மையான ஆப்பிள் மரங்கள் பூத்தன. அண்ணை கமராவைத் தூக்கிக்கொண்டு போனார். சுற்றிப் பார்த்தார். ஒன்றுகூட எடுக்காமல் திரும்பி வந்தார்.

"ஓம், பரவாயில்லை. ஆனா எங்கட மரம் மாதிரி வராது."

அந்தத் திமிர் கடைசிவரை குறையவில்லை...

மத்தியானம் அண்ணையின் மகள் திரும்பவும் போன் எடுத்தாள். அஞ்சலி நோட்டீசுக்கு அப்பாவின் பழைய படம் வேண்டுமாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, நான் எடுத்தது. பூமரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அண்ணை. எனக்கு அவர் கைவேலை தெரியாதே... சட்டம், ஆணி, கீழே ஹீட்டர், எல்லாம் படத்தில் விழுந்திருக்கிறது.

"அங்கிள், ஓரத்தை வெட்டி விடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை, அப்பிடியே போடு. அந்த அறைக்குள்ளதான் நாங்கள் எல்லாரும் இருந்தனாங்கள்."

போயிட்டு வாங்கோ சூசை அண்ணை... மரத்தடியில நில்லுங்கோ. வாறம்.